பிடரியில் எஞ்சிய இறுக்கம்

கனெக்டிகட்டில் வாழும் அன்பு மகளுக்குப் பெரியம்மா நல்லாசி கூறி எழுதுவது.

லைம் நோய்க்கு உரிய மருந்தை முறையாக உட்கொண்டு முடித்த பிறகும் கழுத்திலும் தோள்பட்டையிலும் மாதக்கணக்கில் தங்கிவிடும் இறுக்கம் உண்மையான உடல் துன்பமே ஆகும். அது மனத்தின் கற்பனையும் அன்று, வேலைக்குப் போகாமல் இருக்கச் சொல்லப்படும் சாக்கும் அன்று. எனினும், இறுக்கம் நீடிக்கிறது என்ற ஒரே காரணத்தால் கிருமி இன்னும் உடலுக்குள் உயிரோடு இருக்கிறது என்று முடிவு கட்டவும் இடமில்லை. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் இருத்துவது எளிதன்று. முன்னதை மறந்தவர்கள் உதவி கேட்கக் கூசி வலியோடு முடங்கிவிடுகிறார்கள், பின்னதை மறந்தவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மருந்தைத் தேடி அலைந்து பணத்தையும் உடம்பையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் சிரை வழியே நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றிக்கொள்ளலாமா என்று மகள் கேட்டிருப்பதால், விடையை ஓரிரு வரியில் முடிக்காமல் காரணங்களோடு விரித்து எழுதுவதே முறையாகும்.

நோய்க்குப் பெயர் தந்த ஊர் மகள் வாழும் மாநிலத்திலேயே இருக்கிறது. 1970களின் நடுவில் லைம், ஓல்டு லைம், ஈஸ்ட் ஹாடம் ஆகிய ஊர்களில் குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கி மூட்டுவாதம் கண்டபோது, தன் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் கண்ட நோய்க்குறிகளைப் பல ஆண்டுகளாக நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்த பாலி மர்ரி என்ற தாய், 1975இல் அதனை மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். அவரும் அவர்போல் முறையிட்ட மற்றொரு தாயும் எழுப்பிய கேள்வியைத் தொடர்ந்து யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் ஸ்டீரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, 1977இல் அதனைத் தனி நோயாக அறிவித்தனர். பின்னர் வில்லி பர்க்டார்ஃபர் என்ற அறிவியலாளர் உண்ணிகளின் குடலில் சுருள்வடிவ நுண்ணுயிர்களைக் கண்டு 1982இல் வெளியிட்டார். அந்த நுண்ணுயிர் இன்று பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. மருத்துவர்கள் பலர் பொருட்படுத்தாத துன்பத்தை ஒரு தாயின் குறிப்பேடு உலகறியச் செய்தது என்பதை மகள் மறவாதிருக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டின் பயன் இக்கடிதத்தின் இறுதியில் மீண்டும் பேசப்படும்.

இந்நோயைப் பரப்புவது கருங்கால் உண்ணி, மான் உண்ணி என்றெல்லாம் அழைக்கப்படும் சிற்றுயிர் ஆகும். இளம்பருவத்தில் அது கசகசா விதையளவே இருப்பதால் கடிபட்டவரே அறிவதில்லை. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் உடலில் ஒட்டிக் குருதி குடித்த பின்னரே கிருமி உடலுக்குள் செல்கிறது. கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள், பலருக்கும் ஏறத்தாழ ஒரு வாரத்தில், அந்த இடத்தில் செந்தடிப்பு தோன்றி நாளுக்கு நாள் அகன்று பரவுகிறது. மகளுக்குத் தடிப்பு கண்டதும் டாக்சிசைக்ளின் தரப்பட்டது உரிய சிகிச்சையே. தடிப்பு நிலையிலேயே கண்டறியப்பட்டவர்களுக்கு அம்மருந்தைப் பத்து நாட்கள் உட்கொள்வதே போதுமானது என 2020இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன.

கழுத்து இறுகுவது இந்நோயில் ஒரே காரணத்தால் நிகழ்வதில்லை என்பதைப் புரிந்துகொள்வதுதான் நிவாரணத்துக்கு முதற்படி. தொடக்க நாட்களில் காய்ச்சல், தலைவலி, உடல்வலி ஆகியவற்றோடு பிடரியும் வலிப்பது ஒரு வகை. மருந்து தொடங்கிய சில நாட்களில் அது தணிந்துவிடும். கிருமி நரம்பு மண்டலத்தை எட்டி, மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் அழற்சி உண்டாக்குவது இரண்டாம் வகை. இது மூளையுறை அழற்சி எனப்படும். தண்டுவடத்திலிருந்து கிளைத்துக் கைக்குச் செல்லும் நரம்பின் வேர் அழற்சியுற்று, கழுத்திலிருந்து தோள் வழியே எரிச்சலும் குத்தலுமாக, குறிப்பாக இரவில் மிகுந்து வலிப்பது மூன்றாம் வகை. கிருமி ஒழிந்த பின்னும் தசைகளில் எஞ்சும் இறுக்கமே நான்காம் வகை. மகளின் கடிதத்தில் காணும் குறிகள், மாலையில் மிகுவது, வெந்நீரில் குளித்தால் இளகுவது, கணினி முன் அமர்ந்தால் ஏறுவது ஆகிய எல்லாம், இந்த வகையையே சுட்டுகின்றன. ஆனால் கடிதத்தைக் கொண்டு நோயை உறுதி செய்ய இயலாது. நேரில் தொட்டுப் பார்த்துச் சோதிக்கும் மருத்துவரின் சொல்லே முடிவானது.

எந்த நிலையிலும் காத்திருக்கக் கூடாத குறிகள் சில உள. காய்ச்சலோடும் கடுந்தலைவலியோடும் கழுத்து விறைத்து, மோவாயை மார்பில் தொடவைக்க முடியாமற்போவது, வெளிச்சத்தைக் கண் தாங்காதிருப்பது, முகத்தின் ஒரு பக்கம் தொய்வது, கை வலுவிழப்பது அல்லது மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க இயலாமை, மயக்கத்தோடு நெஞ்சு படபடப்பது என்ற இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். படபடப்பும் மயக்கமும் கழுத்துக்குத் தொடர்பற்றவைபோல் தோன்றினும், இக்கிருமி இதயத்தின் மின்னோட்டத்தையும் தடுக்கவல்லது என்பதால் அவையும் இங்கே சேர்க்கப்பட்டன.

இனி, கிருமி போன பின்னும் தசை ஏன் இளக மறுக்கிறது என்ற கேள்விக்கு வரலாம். வலியுள்ள இடத்தை அசையவிடாமல் காப்பது உடலின் இயல்பு. காய்ச்சல் நாட்களில் பிடரி வலித்தபோது கழுத்துத் தசைகள் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன, அப்பிடிப்பே வாரக்கணக்கில் தொடர்ந்து பழக்கமாகிவிட்டது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்கும் பொறுப்பைக் கழுத்தின் முன்புறத்து ஆழ்தசைகளும் பின்புறத்துத் தசைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்க, நோயில் படுத்து எழுந்தவரின் முன்தசைகள் மெலிந்துவிடுவதால் முழுப் பாரமும் பின்தசைகளின்மேல் விழுகிறது. உறக்கம் குலைந்தால் வலியைப் பொறுக்கும் திறன் குறைகிறது, வலி மிகுந்தால் உறக்கம் மீண்டும் குலைகிறது. இச்சுழல் நெடுநாள் நீடிக்கும்போது தண்டுவடமும் மூளையும் சிறு தூண்டலையும் பெருவலியாக உணரப் பழகிவிடுகின்றன. மருத்துவர்கள் இதனை மைய நரம்பு மண்டலத்தின் மிகையுணர்வு என்பர். லைம் நோயுற்றவர்களுள் 100க்கு 5 முதல் 10 பேருக்குச் சிகிச்சைக்குப் பின்னும் வலி, களைப்பு, மறதி போன்றவை ஆறு மாதங்களுக்கு மேல் நீடிப்பதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கூறுகிறது. அந்நிலைக்கு முழுமையான காரணம் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது என்றாலும், மேற்கூறிய சுழலின் தசைப் பகுதியை அவிழ்ப்பது பெரும்பாலும் நோயுற்றவரின் கையிலேயே இருக்கிறது.

வலது கையை இடத் தோளின் மேலாகப் பின்னே கொண்டுசென்று தடவினால், தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல்மூலையில் கொட்டைப்பாக்கு போன்ற ஒரு முடிச்சு விரலில் தட்டுப்படக்கூடும். அழுத்தினால் வலி காதின் பின்புறம் வரை ஏறும். கழுத்தெலும்பின் பக்கத்திலிருந்து இறங்கித் தோள்பட்டை எலும்பைத் தூக்கிப் பிடிக்கும் லெவேட்டர் ஸ்காபுலே என்ற தசை வந்து சேரும் இடம் அது. தோளைக் காதை நோக்கி உயர்த்தியபடியே தட்டச்சு செய்பவர்களுக்கும், குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கும் அத்தசை நாள் முழுவதும் ஓய்வின்றிச் சுருங்கிக் கிடக்கிறது; மகள் வாழும் நியூ இங்கிலாந்துப் பகுதியின் நீண்ட குளிர்காலத்தில் இது மேலும் மிகும்.

அந்த முடிச்சை முரட்டுத்தனமாக நசுக்குவதால் பயனில்லை. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடங்கள் ஒத்தடம் கொடுத்துத் தசை இளகிய பின், உடனே மெல்ல அசைக்க வேண்டும். ஒத்தடத்தோடு நிறுத்திவிடுபவர்களுக்கு விரைவில் இறுக்கம் திரும்பிவிடக்கூடும், இளகிய வேளையில் அசைத்தவர்களுக்கே அப்பயன் நிலைக்கிறது. நாற்காலியில் அமர்ந்து, வலது கையால் இருக்கையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, முகத்தை இடப்புறம் பாதியளவு திருப்பி, மூக்கு இட அக்குளை நோக்கும்படி தலையைத் தாழ்த்தினால் வலப்புறத் தசை நீள்வது தெரியும். அந்நிலையில் 20 அல்லது 30 நொடி மூச்சைச் சீராக விட்டபடி இருந்து, பிறகு மறுபுறம் செய்ய வேண்டும். இழுபடும் உணர்வு வரலாம், கூர்மையான வலி வரக் கூடாது.

நீட்டுவதைவிட முன்தசைகளுக்கு வலுவூட்டுவதே நெடுநாள் நன்மை தரும். பலர் இதனைச் செய்வதில்லை, ஏனெனில் செய்தவுடன் சுகம் தெரியாது. சுவரில் முதுகு படிய நின்று, தலையை நிமிர்த்தவோ தாழ்த்தவோ செய்யாமல், மோவாயை நேர்கோட்டில் பின்னுக்கு இழுத்தால் மோவாயின் கீழே இரட்டை மடிப்பு விழும். அப்படியே ஐந்து நொடி நிறுத்தித் தளர்த்த வேண்டும். இதனைப் பத்து முறையும், தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகின் நடுவே நெருக்கித் தளர்த்துவதைப் பத்து முறையும் காலையிலும் மாலையிலும் செய்தால் போதும். மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம் என்பதால், இரண்டாம் வாரத்தில் மனம் சோர்ந்து விட்டுவிடக் கூடாது. தொடக்கத்தில் சில முறையேனும் இயன்முறை மருத்துவரின் கண்முன் செய்து பிழை திருத்திக்கொள்வது நன்று.

களைப்பும் வலியும் சேர்ந்து எஞ்சியவர்கள் செய்யும் பெரும்பிழை ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடம்பு சற்று இலேசாகத் தெரியும் நாளில் விட்டுப்போன வேலைகளையெல்லாம் ஒரே மூச்சில் செய்து முடித்து, அடுத்த மூன்று நாட்கள் எழ முடியாமல் படுத்து, நோய் திரும்பிவிட்டதென்று அஞ்சுகிறார்கள். மோசமான நாளிலும் செய்யக்கூடிய அளவையே அன்றாட அளவாகக் கொண்டு, அதாவது பத்து நிமிட நடையே இயலுமானால் அந்தப் பத்து நிமிடத்தையே நல்ல நாளிலும் கடைப்பிடித்து, வாரத்துக்கு ஓரிரு நிமிடம் மட்டும் கூட்டிச் செல்வதே தேறும் வழி. கணினித் திரை கண்மட்டத்துக்கு உயர்ந்திருக்க வேண்டும், முழங்கை தாங்கப்பட்டிருக்க வேண்டும், அரை மணிக்கொரு முறை எழ வேண்டும். தலையணை, பக்கவாட்டில் படுக்கும்போது காதுக்கும் தோளுக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பும் உயரம் உடையதாக இருந்தால் போதும். குப்புறப் படுப்பதை அறவே விட வேண்டும்.

வலி மருந்துகளைப் பொறுத்தவரை, இபுப்ரோஃபென் போன்றவற்றை வெறும் வயிற்றிலோ வாரக்கணக்கிலோ விழுங்குவது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. உறக்கமும் வலியும் ஒருசேரக் குலைந்தவர்களுக்கு அமிட்ரிப்டிலின் போன்ற மருந்தைச் சிறிய அளவில் இரவில் தருவது உண்டு. அது மனநோய்க்கென்று தரப்படுவதாக எண்ணிக் கூச வேண்டியதில்லை, வலியைக் கடத்தும் பாதையையே அது தணிக்கிறது.

நீண்டகால நுண்ணுயிர்க்கொல்லி குறித்த கேள்விக்கு விடை தெளிவானது. சிகிச்சைக்குப் பின்னும் துன்புற்றவர்களுக்கு 30 நாள் சிரை வழியே செஃப்ட்ரியாக்சோனும் பிறகு 60 நாள் டாக்சிசைக்ளினும் கொடுத்து, மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற போலிமருந்து கொடுத்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2001இல் வெளியாயிற்று. இரு பிரிவினரும் ஒரே அளவில்தான் தேறினர். 2016இல் வெளியான நெதர்லாந்து ஆய்விலும் 280 பேரிடம் 12 வாரக் கூடுதல் மருந்து பயன் தரவில்லை. இடையில் நடந்த ஓர் ஆய்வில் களைப்பு மட்டும் ஓரளவு குறைந்ததை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சிரையில் பொருத்திய குழாய் வழியே குருதியில் வேறு கிருமி புகுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் அதே ஆய்வில் இருந்தனர். நலம் தேடிப் போன இடத்தில் உயிருக்கே ஆபத்தை வாங்கிக்கொள்ளும் இவ்வழியில் மகள் இறங்கக் கூடாது என்பது பெரியம்மாவின் உறுதியான வேண்டுகோள். குருதிச் சோதனை இன்னும் நேர்மறையாக வருகிறதே என்ற ஐயத்துக்கும் இடமில்லை. அச்சோதனை காண்பது கிருமியை அன்று, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை, அது கிருமி ஒழிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் குருதியில் இருக்கும். அதற்கு மாறாக, தைராய்டுக் குறைவு, கழுத்தெலும்புத் தேய்மானம், அதே உண்ணி கடத்தும் பபீசியா போன்ற பிற தொற்றுகள் ஆகியவற்றை மருத்துவர் ஒருமுறை பார்த்து விலக்கிவிடுவது பயனுள்ளது.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, இது வாயுப் பிடிப்புதான் என்று சொல்லிக் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கிவிட முன்வருபவர்கள் இருப்பார்கள். வெதுவெதுப்பான எண்ணெய் தடவி மென்மையாக நீவிவிடுவதில் தீங்கில்லை, இதமும் உண்டு. ஆனால் தலையைப் பிடித்துச் சட்டெனத் திருகுவது கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவரைக் கிழித்துப் பக்கவாதத்தை உண்டாக்கக்கூடும். சொடுக்க வரும் கையை, அது எவ்வளவு அன்பான கையாக இருப்பினும், மறுத்துவிட வேண்டும்.

ஒருமுறை வந்தவருக்கு இந்நோய் மீண்டும் வராது என்பதில்லை. ஆகையால் மே முதல் ஜூலை வரை புல்வெளியிலோ காட்டு வழியிலோ சென்று திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு, தலைமயிர் ஓரம் ஆகிய இடங்களைப் பார்ப்பதும், ஒட்டியிருக்கும் உண்ணியை நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுப்பதும் பழக்கமாக வேண்டும்.

இறுதியாக, முன்பு சொன்ன குறிப்பேடு. எத்தனை மணி உறக்கம், எத்தனை நிமிட நடை, கழுத்து இடப்புறமும் வலப்புறமும் எவ்வளவு திரும்பியது, வலி பத்துக்கு எத்தனை என்ற நான்கை மட்டும் நாள்தோறும் ஒரு வரியில் எழுதிவந்தால், நினைவு சொல்லாத மாற்றத்தை ஏடு சொல்லும். காரைப் பின்னோக்கி எடுக்கும்போது தோளுக்கு மேலாகப் பார்க்க முடிகிறதா என்பதே கழுத்துக்கு நல்ல அளவுகோல். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அந்த ஏட்டையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். முதல் நான்கு வாரக் குறிப்பைப் படம் எடுத்துப் பெரியம்மாவுக்கும் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள பெரியம்மா