இரண்டு இடத்தில் ஒரு விளக்கு

கேள்வி: மாடிப்படி விளக்கைக் கீழேயும் மேலேயும் போட்டு அணைக்க வேண்டும். படுக்கையறையில் டிம்மர் வைத்ததிலிருந்து எல்.இ.டி. பல்பு மினுக்குகிறது. என்ன செய்யலாம்? – வாசகர், பாடி

பதில்: மாடிப்படிக்கு இரண்டு டூ-வே சுவிட்ச் போதும். கீழ் சுவிட்சின் நடுமுனைக்குப் பேஸ் வரட்டும். இரண்டு சுவிட்சுக்கும் இடையே இரண்டு ஒயர். மேல் சுவிட்சின் நடுமுனையிலிருந்து விளக்குக்கு. நியூட்ரல் நேராக ஹோல்டருக்குப் போக வேண்டும். ஒயரை மிச்சம் பிடிக்க சிலர் நியூட்ரலையும் சுவிட்சுக்குள் கொண்டுவருவார்கள். அப்போது விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரின் இரு முனையிலும் கரண்ட் இருக்கலாம். பல்பு மாற்றப் போகிறவர் உயிருக்கே ஆபத்து, அனுமதிக்காதீர்கள்.

உங்கள் பக்கத்தில் மாடியை வாடகைக்கு விட்டுத் தனி மீட்டர் வைத்த வீடுகள் நிறைய. பேஸ் ஒரு மீட்டரிலும் நியூட்ரல் இன்னொன்றிலும் எடுத்தால் மின்கசிவைக் கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். இரண்டும் ஒரே மீட்டரிலிருந்தே வரட்டும். மூன்றாவது இடத்திலும் சுவிட்ச் வேண்டுமென்றால் நடுவில் இன்டர்மீடியட் சுவிட்ச் கேளுங்கள்.

சாதாரண டிம்மர் மின்னலையை நொடிக்கு 100 முறை வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. சாதாரண எல்.இ.டி.க்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் அதைத் தாங்காது; அதனால்தான் உங்கள் படுக்கையறை பல்பு மினுக்குகிறது. அட்டையில் ‘டிம்மபிள்’ என்று போட்ட பல்பும், எல்.இ.டி.க்கென்றே வரும் டிம்மரும் வாங்குங்கள். குண்டு பல்புக்கான பழைய டிம்மருக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பின் சுமை பெரும்பாலும் போதாது. ஃபேன் ரெகுலேட்டரை விளக்குக்கு மாட்டவே வேண்டாம்.