மலைக்கு வரும் காரில் எதற்குச் செலவழிக்கலாம்?

கொடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். வத்தலக்குண்டு சாலையிலும் பழனி சாலையிலும் கார் ஓட்டியே பாதி வயது போய்விட்டது. "ரெண்டு ஏர்பேக் போதுமா, ஆறு வேணுமா?" என்று கார் வாங்கப் போகிற சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

பிறகு மாட்ட முடியாததை முதலில் வாங்குங்கள். சீட் கவர், அலாய் வீல், மியூசிக் சிஸ்டம் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் கம்பெனியிலிருந்தே வர வேண்டும். மழை ஓய்ந்த நேரம் வத்தலக்குண்டு சாலையின் டம்டம் பாறை வளைவில் ஓங்கி பிரேக் போட்டாலும் ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாது; ஸ்டியரிங் கைக்கு அடங்கும். 2019-இல் ஏபிஎஸ்ஸையும் ஓட்டுநர் ஏர்பேக்கையும் அரசு கட்டாயமாக்கியது சரியான முடிவு. காரைத் தேர்வு செய்பவர் ஒருவர்தான். அதில் உட்காரும் குழந்தைக்கும், நாளை அதை செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கும் அந்தத் தேர்வில் இடமில்லை.

ஆறு ஏர்பேக் அவரவர் வசதியைப் பொறுத்தது. 2022-இல் இதைக் கட்டாயமாக்க வரைவு வந்தது. 2023 அக்டோபருக்குத் தள்ளிப்போய், கடைசியில் கைவிடப்பட்டது. ஒரு ஏர்பேக் 800 ரூபாய்தான் என்றார் அமைச்சர் நிதின் கட்கரி. சிறிய கார் விற்பனை அடிபடும் என்றது மாருதி தரப்பு. பைக்கில் பிள்ளைகளோடு மலையேறும் குடும்பத்துக்கு இரண்டு ஏர்பேக் கார்கூடப் பெரிய காப்பு. அவர்களுக்கு எட்டாத விலையில் பாதுகாப்பை வைப்பது நியாயமில்லை. வசதி உள்ளவர்கள் சன்ரூஃபை விட்டுவிட்டு ஆறு ஏர்பேக் எடுங்கள்.

பின் சீட்டிலும் பெல்ட். "மலையில மெதுவாத்தானே போறோம்" என்பார்கள். பள்ளத்தில் உருளும் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தது பெல்ட் போடாமல் பின் சீட்டில் இருந்தபோது. பெல்ட் போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். போடுவதற்குச் செலவே இல்லை. பெல்ட்டுக்குத் துணையாகத்தான் ஏர்பேக்கை வடிவமைக்கிறார்கள்.

பழைய கார்க்காரர்களுக்கு. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் ஓட்டக் கூடாது என்பது விதி. மலைக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். தொடர்ந்து பிரேக் மிதித்து இறங்கினால் அந்த ஈரம் கொதித்து, பெடல் தளர்ந்துவிடும். வண்டிப் புத்தகம் சொல்லும் காலத்தில் ஆயிலை மாற்றுங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் ஒருபோதும் விடாதீர்கள்.

2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதில் மிச்சமாகும் பணத்தை அலங்காரத்தில் போடாமல் பாதுகாப்பில் போடுங்கள்.