வெயிலுக்கு ஒரு திட்டம்

அகமதாபாத் குஜராத் மாநிலத்தின் மிகப் பெரிய நகரம். சபர்மதி ஆறு நகரத்தின் நடுவே ஓடுகிறது. ஒரு காலத்தில் இங்கே துணி ஆலைகள் நிறைய இருந்தன. இன்று கட்டிட வேலை, தள்ளுவண்டி வியாபாரம், ஆட்டோ, தையல், மூட்டை தூக்குவது என்று பல தொழில்களில் லட்சக்கணக்கான மக்கள் பிழைக்கிறார்கள்.

வெயில் இந்த ஊருக்குப் புதிது இல்லை. மே மாதத்தில் 41 டிகிரி, 42 டிகிரி அடிப்பது அங்கே சாதாரணம். மக்கள் பழகிப் போனவர்கள். மோர் குடிப்பார்கள். தலையில் துணி சுற்றிக்கொள்வார்கள். மதியம் நிழல் தேடி உட்காருவார்கள்.

2010ஆம் ஆண்டு மே மாதம் அந்தப் பழக்கம் போதவில்லை. மே 21ஆம் தேதி வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. காற்று அனலாக வீசியது. தகரக் கூரை வீடுகளுக்குள் இருக்க முடியவில்லை. வெளியேயும் நிற்க முடியவில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்? அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

சத்தம் போடாத பேரிடர்

புயல் அடித்தால் மரம் விழும். வெள்ளம் வந்தால் வீடு இடியும். எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அமைச்சர் வருவார். செய்தித்தாளில் படம் வரும். வெயில் அப்படி இல்லை. ஒரு வீட்டில் வயதான தாத்தா தூக்கத்திலேயே இறந்து போவார். வேறு தெருவில் ஒரு சித்தாள் மயங்கி விழுவார். ஒருவருக்கு மாரடைப்பு என்று எழுதுவார்கள். மற்றவருக்குக் காய்ச்சல் என்று எழுதுவார்கள். வெயில் என்று எழுதுவது அபூர்வம்.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் நகரத்தின் இறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2009 மே மாதம் எத்தனை பேர் இறந்தார்கள்? 2011 மே மாதம் எத்தனை பேர்? 2010 மே மாதம் எத்தனை பேர்? மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2010 மே மாதத்தில் மட்டும் சுமார் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். ஒரே நகரம். ஒரே மாதம்.

மனித உடம்பின் சூடு 37 டிகிரி. (காய்ச்சல் பார்க்கும் கருவியில் 98.4 என்று காட்டுகிறதே, அது வேறு கணக்கு. அதுவும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான்.) வெளியே சூடு அதிகமானால் உடம்பு வியர்க்கும். வியர்வை காயும்போது உடம்பு குளிரும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்தால் வியர்வை குறைந்துவிடும். அப்போது உடம்பின் சூடு ஏறும். 40 டிகிரிக்கு மேல் போனால் மூளை கலங்கும். பேச்சு குழறும். வலிப்பு வரும். உடனே குளிர வைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இரவில் வீடு குளிர்ந்தால் உடம்புக்கு ஓய்வு கிடைக்கும். தகரக் கூரை வீட்டில் அதுவும் கிடைப்பதில்லை. ஆகையால் பகலில் வெயிலில் உழைப்பவரே இரவிலும் வேகிறார்.

எல்லாத் துறையும் இருந்தது

அகமதாபாத்தில் அரசு இல்லையா? இருந்தது. மருத்துவமனைகள் இருந்தன. வானிலைத் துறை இருந்தது. 108 ஆம்புலன்ஸ் இருந்தது. குடிநீர் கொடுக்கும் மாநகராட்சி இருந்தது. தொழிலாளர் துறையும் இருந்தது.

பிறகு எது இல்லை?

கடும் வெயில் வரப்போகிறது என்று தெரிந்தால், யார் யாருக்குச் சொல்ல வேண்டும்? சொன்ன பிறகு யார் என்ன செய்ய வேண்டும்? இதை எழுதி வைத்த திட்டம் இல்லை.

இது கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வானிலைத் துறை மத்திய அரசைச் சேர்ந்தது. தொழிலாளர் துறையும் 108 ஆம்புலன்சும் மாநில அரசைச் சேர்ந்தவை. நகர மருத்துவமனைகள் பலவும் குடிநீரும் மாநகராட்சியின் பொறுப்பு. அகமதாபாத்தில் மின்சாரம் ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒருவர் சொன்னால் அடுத்தவர் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே வீட்டில் ஐந்து அண்ணன் தம்பிகள் இருந்தும், கிணற்றுக்கு மூடி போடுவது யார் என்று பேசி வைக்காவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் மற்றவர் போடுவார் என்று இருந்துவிடுவார்கள்.

பூமி சூடாகிறது

நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரித்தால் கரியமில வாயு வெளியே வருகிறது. அது காற்றில் சேர்ந்து, பூமியின் மேல் போர்வை போர்த்தியது போல் சூட்டைப் பிடித்து வைக்கிறது. இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. முக்கால் டிகிரிகூட இல்லையே என்று நினைக்கலாம். ஆனால் இது சராசரிக் கணக்கு. சராசரி கொஞ்சம் ஏறினாலே, கடும் வெயில் நாட்கள் அதிகமாகிவிடும்.

புகையைக் குறைப்பது ஒரு வேலை. அது உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து செய்ய வேண்டியது. ஏற்கெனவே வந்துவிட்ட மாற்றத்துக்கு ஏற்ப ஊரைத் தயார் செய்வது இன்னொரு வேலை. இதைத் தகவமைப்பு என்று சொல்கிறார்கள். மத்திய அரசு 2008இல் பருவநிலை மாற்றத்துக்கான தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது. பிறகு மாநிலங்களும் தங்கள் திட்டங்களைத் தயாரித்தன. டெல்லியில் எழுதிய திட்டம் ஒரு தெருவுக்கு எப்படி வந்து சேரும்? அதற்கு அகமதாபாத் ஒரு வழி காட்டியது.

ஒரு அலுவலர், மூன்று நிறங்கள்

2013ஆம் ஆண்டு அகமதாபாத் மாநகராட்சி வெப்பச் செயல் திட்டத்தைக் கொண்டுவந்தது. காந்திநகரில் உள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனமும் வெளிநாட்டு வல்லுநர்கள் சிலரும் இதற்கு உதவினார்கள். தெற்கு ஆசியாவிலேயே இப்படி ஒரு திட்டம் அதுதான் முதல்.

திட்டத்தின் முதல் வேலை, ஒரு அலுவலரைப் பொறுப்பாக்குவது. மாநகராட்சியின் சுகாதாரத் துறையில் ஒருவருக்கு இந்தப் பொறுப்பு கொடுக்கப்பட்டது. வெயில் பற்றிய முன்னறிவிப்பு அவரிடம் வரும். அவர்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் விட்டால், யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். பொறுப்பு என்றால் இதுதான்.

அடுத்தது நிறம். வெயில் 41 டிகிரியைத் தாண்டும் என்று தெரிந்தால் மஞ்சள் எச்சரிக்கை. 43 டிகிரியைத் தாண்டும் என்றால் ஆரஞ்சு எச்சரிக்கை. 45 டிகிரி அல்லது அதற்கு மேல் என்றால் சிவப்பு எச்சரிக்கை. எண் தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.

சிவப்பு எச்சரிக்கை வந்தால் என்ன நடக்க வேண்டும்? திட்டம் இப்படிச் சொல்கிறது. மருத்துவமனைகள் பனிக்கட்டிப் பைகளையும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களையும் தயாராக வைக்க வேண்டும். கூடுதல் ஆட்களைப் பணியில் வைக்க வேண்டும். 108 வண்டிகள் தயாராக நிற்க வேண்டும். பூங்காக்களை மதிய நேரத்திலும் திறந்து வைக்க வேண்டும். முன்பெல்லாம் மதியத்தில் பூங்காவைப் பூட்டிவிடுவார்கள். நிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் நிழலுக்குப் பூட்டு! குடிசைப் பகுதிகளிலும் பேருந்து நிலையங்களிலும் குடிநீர் வைக்க வேண்டும். மதிய வேலையைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றும்படி தொழிலாளர் துறை முதலாளிகளிடம் சொல்ல வேண்டும். கைப்பேசியிலும் செய்தித்தாளிலும் வானொலியிலும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும்.

இதில் எதுவும் பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. பூங்காக் கதவைத் திறக்கக் காசு வேண்டாம். திற என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

வெயில் வந்த பிறகு ஓடினால் பயன் இல்லை. ஆகையால் கோடைக்கு முன்பே எல்லாத் துறைகளும் கூடிப் பேசுகின்றன. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். கோடை முடிந்ததும் மறுபடி கூடுகிறார்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்த்துத் திட்டத்தைத் திருத்துகிறார்கள்.

மாடியில் பிறந்த குழந்தைகள்

அகமதாபாத்தில் மாநகராட்சி மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அங்கே பிரசவப் பிரிவு கட்டிடத்தின் மேல் மாடியில் இருந்தது. குளிர்சாதன வசதி இல்லை. மொட்டை மாடியின் சூடு நேராக உள்ளே இறங்கும். 2010 கோடையில் பிறந்த குழந்தைகள் பலர், உடம்பில் சூடு ஏறித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறந்த குழந்தைக்கு வியர்வை சரியாக வராது. வாய்விட்டுத் தண்ணீர் கேட்கவும் தெரியாது.

மருத்துவர்கள் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். வெயில் ஏற ஏற, இப்படி வரும் குழந்தைகளின் எண்ணிக்கையும் ஏறியது தெரிந்தது. பிறகு பிரசவப் பிரிவைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். சூட்டினால் தீவிர சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்தது. புது மருந்து இல்லை. புதுக் கட்டிடம் இல்லை. கட்டில்கள் கீழே இறங்கின, அவ்வளவுதான்.

கூரையிலும் ஒரு வேலை நடந்தது. 2017இல் சுமார் 3,000 வீடுகளின் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் சூடு சில டிகிரி குறையும். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்த வழிதான்.

திட்டத்தால் பலன் இருந்ததா? 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. திட்டத்துக்கு முன்பும் பின்பும் இருந்த இறப்புக் கணக்கை அது ஒப்பிட்டது. திட்டம் வந்த பிறகு ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக அது மதிப்பிட்டது. இது மதிப்பீடுதான். எண் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

தாளில் உள்ள திட்டம்

2015இல் இந்தியாவில் மீண்டும் கடும் வெயில் அடித்தது. 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆந்திராவையும் தெலங்கானாவையும் சேர்ந்தவர்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் எல்லா மாநிலங்களுக்கும் வெப்பச் செயல் திட்டம் தயாரிக்க வழிமுறைகளை வெளியிட்டது. அதன் பிறகு பல மாநிலங்களிலும் நகரங்களிலும் திட்டங்கள் எழுதப்பட்டன.

எழுதினால் போதுமா? 2023இல் டெல்லியில் உள்ள கொள்கை ஆராய்ச்சி மையம் 37 திட்டங்களை எடுத்துப் படித்தது. பணம் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றி 11 திட்டங்கள் மட்டுமே பேசின. வெயிலால் அதிகம் பாதிக்கப்படுவோர் யார், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று முறையாகக் கணக்கெடுத்தவை இரண்டே இரண்டு. ஒரு மாநிலத்தின் திட்டத்தைப் பார்த்து இன்னொரு மாநிலம் எழுதிக்கொண்டால், கடற்கரை ஊரின் புழுக்கமும் உள்நாட்டு ஊரின் அனலும் ஒன்றாகிவிடும். வேலைக்காகாத திட்டம் அலமாரியில் தூங்கும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. அந்தப் பணம் கிடைக்க வேண்டுமானால், இறப்புக்குக் காரணம் வெயில்தான் என்று மருத்துவர் எழுத வேண்டும். அகமதாபாத்தில் 2010இல் எழுதாமல் விட்டது இதைத்தான். வெயிலில் வேலை செய்யும்போது விழுந்தார் என்பதை மருத்துவரிடம் குடும்பத்தார் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வெயில் மயக்கம் வந்தால்

ஒருவர் வெயிலில் விழுந்துவிட்டால் உடனே நிழலுக்குத் தூக்குங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஈரத் துணியோ பனிக்கட்டியோ வையுங்கள். நினைவு இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்விடும். நினைவு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ கொடுக்கலாம்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் கடும் வெயில் எச்சரிக்கை வந்தால் யார் சொல்கிறார்கள்? உங்களுக்கு அது எத்தனை மணிக்குத் தெரிகிறது?

2. உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்? மதியத்தில் அவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

3. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் என்ன கூரை போட்டிருக்கிறது?

4. வேலை உறுதித் திட்டத்தில் கோடையில் வேலை நேரத்தை மாற்ற வேண்டுமானால், கிராம சபையில் யாரிடம் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வியை ஒரு மனுவாக எழுதிப் பாருங்கள்.