26000-க்குச் சான்றிதழ் உண்டா?

கேள்வி: வாழைக்குலை வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறோம். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வருடம் தவறாமல் கொடுக்கிறோம். ஒருவர் வந்து, ஐ.எஸ்.ஓ. 26000 சமூகப் பொறுப்புச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எடுக்கலாமா?
– வாசகர், நீர்வேலி

பதில்: காசைக் கொடுத்துவிடாதீர்கள். 2010இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 26000 வெறும் வழிகாட்டி. சான்றிதழுக்கு உரியதல்ல என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தணிக்கை செய்து சான்று தருபவை வேறு: தொழிலாளர் நலனுக்கு எஸ்.ஏ. 8000, சுற்றுச்சூழலுக்கு ஐ.எஸ்.ஓ. 14001. வாங்குபவர் கேட்கும்போது அவற்றைப் பார்க்கலாம்.

ஆனால் அந்த வழிகாட்டியை அவசியம் வாசியுங்கள். நீங்கள் கொடுக்கும் நன்கொடை நல்ல காரியம்தான். வழிகாட்டி முதலில் கேட்பதோ வேறு: உங்கள் தொழிலால் யாருக்கு என்ன நேர்கிறது? தோட்டக்காரர் கொண்டுவரும் 100 கிலோவில் 10 கிலோவைக் ‘கழிவு’ என்று வெட்டுகிறீர்களா? அப்படியானால் அதை நிறுத்துவதுதான் உங்கள் முதல் சமூகப் பொறுப்பு. குலை தூக்குகிறவருக்கு இடுப்புப் பிடித்தால் அன்றைய சம்பளம் உண்டா?

அடுத்தது தண்ணீர். நம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்கு இறங்கிவிடும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின்நிலைய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்கத்து ஊரில் நடந்தது இது. குலை கழுவிய தண்ணீர், மருந்து கலந்ததென்றால் இன்னும் முக்கியமாக, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நாளைக்கே போய்ப் பாருங்கள்.