கல்லூரியா, ஜி லீக்கா? இளம் கூடைப்பந்து வீரர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பள்ளிக் கூடைப்பந்தில் பேர் வாங்கிய பிள்ளைகளுக்கு என்பிஏதான் கனவு. ஆனால் பள்ளியை முடித்த கையோடு அங்கே போய்விட முடியாது. நடுவில் குறைந்தது ஓராண்டைக் கடந்தாக வேண்டும். கல்லூரி அணியில் சேர்வதா, சம்பளம் கொடுக்கும் சிறிய லீக்கில் சேர்வதா என்று பல குடும்பங்கள் தடுமாறுவது அந்த ஓராண்டைப் பற்றித்தான். ஐந்தாண்டுக்கு முன்பு அனுபவசாலிகள் சொன்ன பதில் இன்று பொருந்தாது. விதிகளும் பணம் வரும் வழிகளும் அந்த அளவுக்கு மாறிவிட்டன.

எங்கே அதிகப் பணம் என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். எங்கே போனால் நிறைய ஆட வாய்ப்புக் கிடைக்கும், எந்த வழியில் போனால் வேண்டும்போது திரும்பி வர முடியும் என்ற இரண்டு கேள்விகளோடு தொடங்குங்கள். இந்த வழிகாட்டியின் சாரம் அதுதான்.

படி 1: வயது விதியைப் புரிந்துகொள்ளுங்கள்

கெவின் கார்னெட் 1995-இலும் கோபி பிரையன்ட் 1996-இலும் லெப்ரான் ஜேம்ஸ் 2003-இலும் பள்ளியிலிருந்து நேராக என்பிஏவுக்குப் போனார்கள். 2005-இல் லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம் அந்த வழியை அடைத்தது. என்பிஏ அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வான டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் வீரருக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பு முடித்தவர் என்றால், அதன்பின் ஓராண்டு கடந்திருக்கவும் வேண்டும்.

டிராஃப்டில் இரண்டு சுற்றுகள். சுற்றுக்கு 30 பேர் வீதம் மொத்தம் 60 இடங்கள். உலகம் முழுவதிலுமிருந்து வரும் வீரர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த 60. அதிலும் முதல் சுற்றில் தேர்வாகி ஒப்பந்தம் பெறுபவர்களுக்குத்தான் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் தேர்வாகிறவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. உங்கள் பிள்ளை எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இந்த எண்ணிக்கையை மறக்காமல் முடிவெடுங்கள்.

படி 2: நிலைமை எப்படி மாறியது என்று பாருங்கள்

என்பிஏ தன் சிறிய லீக்கை 2001-இல் தொடங்கியது. 2017 முதல் அதன் பெயர் ஜி லீக். பள்ளி முடித்த மிகச் சிறந்த வீரர்களுக்காகவே 2020-இல் அங்கே இக்னைட் என்ற தனி அணி உருவானது. முதலில் சேர்ந்த ஜேலன் கிரீனுக்கு ஐந்து லட்சம் டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரைக் கொண்டு ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்றிருந்த காலம் அது. கிரீன் 2021 டிராஃப்டில் இரண்டாவதாகவும் அதே அணியின் ஜொனதன் குமிங்கா ஏழாவதாகவும் தேர்வானார்கள். 2023-இல் ஸ்கூட் ஹெண்டர்சன் மூன்றாவது.

ஆனால் 2021 ஜூலையில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, வீரர்கள் தங்கள் பெயர், படம், புகழ் ஆகியவற்றை வைத்து விளம்பர வருமானம் பெறலாம் என்று அனுமதித்தது. இதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். 2024 முதல், படிப்பில் தகுதி குறையாத வீரர் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் காத்திருக்காமல் ஆடலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு, எல்லா விளையாட்டுகளும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

இக்னைட் அணி 2023–24 பருவத்தோடு மூடப்பட்டது. இன்று போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கிறது. ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அமைப்பில் வளர்ந்த யெகோர் டெமின், அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஓராண்டு ஆடி, 2025 டிராஃப்டில் எட்டாவதாகத் தேர்வானார்.

படி 3: ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்

பதினெட்டு வயதில் எடுப்பதாக நினைக்கும் முடிவின் பாதி, 14 வயதிலேயே வகுப்பறையில் தீர்மானமாகிவிடுகிறது. என்சிஏஏ முதல் பிரிவில் ஆட, உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் சராசரியாக 2.3 புள்ளி பெற வேண்டும். அந்த 16-இல் 10 பாடங்கள் கடைசி ஆண்டு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். கடைசி ஆண்டில் உட்கார்ந்து மொத்தமாக ஈடுகட்ட இயலாதபடிதான் இந்த விதி அமைந்திருக்கிறது.

பள்ளி ஆலோசகரிடம் ஆண்டுதோறும் பாடப் பட்டியலைக் காட்டிச் சரிபாருங்கள். பள்ளி நடத்தும் எல்லாப் பாடங்களையும் என்சிஏஏ கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மதிப்பெண் சரியாக இருக்கும் பிள்ளைக்குத்தான் இரண்டு வழிகள் இருக்கும். மற்றவர்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும்.

படி 4: பணத்தை முழுதாகக் கணக்கிடுங்கள்

18 வயது நிறைந்து பள்ளியையும் முடித்தவர் இன்றும் ஜி லீக்கில் சாதாரண ஒப்பந்தத்தில் சேரலாம். ஆனால் அதன் பருவச் சம்பளம் 40,000 டாலரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தங்குமிடமும் மருத்துவக் காப்பீடும் உண்டு. ஜி லீக்கில் நல்ல காசு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது, என்பிஏ அணிக்கும் ஜி லீக் அணிக்கும் சேர்த்து ஆடும் டூ-வே ஒப்பந்தத்தை. 2024–25-இல் அதன் மதிப்பு சுமார் 5,78,000 டாலர். டிராஃப்டுக்குத் தகுதி பெறாத 18 வயதுப் பையனுக்கு அது கிடைக்காது. இந்த இரண்டு தொகைகளையும் குழப்பிக்கொண்டு பேசும் தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கல்லூரிப் பக்கம் உதவித்தொகை, தங்குமிடம், உணவு ஆகியவற்றோடு இப்போது ரொக்கமும் சேர்கிறது. ஆனால் முன்னணி வீரருக்குக் கிடைப்பது பெஞ்சில் இருப்பவருக்குக் கிடைக்காது. வரியிலும் வித்தியாசம் உண்டு. ஜி லீக் சம்பளத்தில் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். என்ஐஎல் வருமானம் பொதுவாகச் சுயதொழில் வருமானமாகக் கருதப்படுவதால் முழுத்தொகையும் கைக்கு வரும். வரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே கட்ட வேண்டும். வந்த பணத்தை எல்லாம் காருக்கும் வாடகைக்கும் கொடுத்துவிட்டு, ஏப்ரலில் வரி கட்டக் கடன் வாங்கும் நிலைக்குப் பிள்ளையை விடாதீர்கள். முதல் காசோலை வருமுன் ஒரு கணக்காளரைப் பாருங்கள்.

படி 5: ஆட்ட நிமிடங்களை எடைபோடுங்கள்

இரண்டு இடங்களிலும் ஆடப்படுவது ஒரே ஆட்டம் போலத் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் வேறு. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். 20 நிமிடப் பாதிகள் இரண்டு. ஷாட் கிளாக் 30 வினாடி. மூன்று புள்ளிக் கோடு 22 அடி 1¾ அங்குலத்தில் இருக்கிறது. ஐந்து ஃபவுல் வாங்கினால் வெளியே. ஜி லீக்கில் 12 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஷாட் கிளாக் 24 வினாடி. கோடு என்பிஏவைப் போல 23 அடி 9 அங்குலம், மூலைகளில் மட்டும் 22 அடி. ஆறு ஃபவுல் வரை ஆடலாம்.

ஆறு வினாடி என்பது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். பந்தைக் கொண்டுவரும் பாயின்ட் கார்டைக் கேட்டால் தெரியும். கல்லூரியில் முதல் முயற்சி பலிக்காவிட்டால் பந்தை வெளியே எடுத்து வேறொரு உத்தியைத் தொடங்க நேரம் இருக்கிறது. ஜி லீக்கில் பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். எதிரே நிற்பவர் 25, 28 வயது ஆள். ஒரு என்பிஏ இடத்துக்காக உயிரைக் கொடுத்து ஆடுபவர். அந்தச் சூழலில் சிலர் வேகமாக முதிர்கிறார்கள், சிலர் நம்பிக்கை இழக்கிறார்கள். இக்னைட்டிலேயே இரண்டும் நடந்தது. ஹெண்டர்சன் மேலே போனார். கல்லூரி வாய்ப்பை விட்டுவிட்டு வந்த டேஷன் நிக்ஸை 2021 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை.

கல்லூரியிலும் பெரிய பெயரைத் துரத்த வேண்டியதில்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2024–25-இல் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். தேசியப் போட்டித்தொடருக்குக்கூடத் தகுதி பெறவில்லை. ஆனாலும் அந்த அணியின் டிலன் ஹார்ப்பர் டிராஃப்டில் இரண்டாவதாகவும் ஏஸ் பெய்லி ஐந்தாவதாகவும் தேர்வானார்கள். அவர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் களத்தில் நின்றார்கள், தேர்வாளர்கள் பார்த்தார்கள்.

படி 6: திரும்பி வரும் வழியைச் சோதியுங்கள்

கல்லூரி வீரர் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்து, என்பிஏவின் ஆலோசனைக் குழுவிடம் தன் நிலையைக் கேட்டறிந்து, குறித்த தேதிக்குள் விலகிக் கல்லூரிக்கே திரும்பலாம். இது மிகப் பெரிய பாதுகாப்பு. பயிற்சியாளருடன் ஒத்துப்போகவில்லை என்றால் வேறு கல்லூரிக்கும் போகலாம்.

தொழில்முறை லீக்குக்குப் போனவர் கல்லூரிக்குத் திரும்புவது நீண்ட காலம் நடக்காத காரியமாக இருந்தது. 2025-இல், முன்பு இக்னைட்டில் ஆடிய தியெரி டார்லனுக்கு சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் ஆட அனுமதி கிடைத்தது. அதேபோல் ஜி லீக்கில் ஆடிய லண்டன் ஜான்சனும் லூயிவில் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். இவற்றை வைத்து, எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அனுமதி ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பரிசீலிக்கப்படுகிறது. ஆடக் கிடைக்கும் பருவங்களும் குறையலாம்.

படி 7: கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்

கல்லூரிப் பயிற்சியாளரிடம்:
• என் மகன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? வேறு கல்லூரியிலிருந்து இன்னும் யாரை அழைத்துவர எண்ணம்?
• சொல்லும் தொகை எழுத்தில் வருமா? காயம்பட்டால் தொடருமா? நடுவில் விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?
• நீங்களே வேறு வேலைக்குப் போய்விட்டால் இந்த ஒப்பந்தம் என்ன ஆகும்?

ஏஜென்டிடம்:
• என்பிஏ வீரர்கள் சங்கத்தின் சான்று இருக்கிறதா? சங்கத்தின் விதிப்படி வீரரின் ஆட்ட ஒப்பந்தத்தில் ஏஜென்ட் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விளம்பர வருமானத்தில் எத்தனை சதவீதம் கேட்கிறீர்கள்?
• இந்தக் கையெழுத்தால் என்சிஏஏ தகுதி போகுமா?

பதில் வாய்மொழியாக மட்டும் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்காக மட்டும் பேசும் வழக்கறிஞர் ஒருவர் எல்லாத் தாள்களையும் படித்த பிறகு போடுங்கள்.

படி 8: இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

பஞ்சாபின் சத்னாம் சிங் 2015-இல் டல்லஸ் அணியால் 52-ஆவதாகத் தேர்வானார்; இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் தேர்வான முதல் வீரர் அவர். படிப்புத் தகுதி கைகூடாததால் அமெரிக்கக் கல்லூரி வழி அவருக்கு அமையவில்லை. சிறிய லீக்கில் ஆடியவருக்கு என்பிஏ ஆட்டம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. என்பிஏ அகாடமி இந்தியாவில் பயின்ற பிரின்ஸ்பால் சிங் 2020-இல் இக்னைட்டில் சேர்ந்தார். அந்த அணியே இன்று இல்லை. ஆகவே இங்கிருந்து போகிறவர்களுக்குக் கல்லூரியே முதல் கதவு. ஆங்கிலத்தையும் கணிதத்தையும் பந்துக்குச் சமமாக மதித்துப் படியுங்கள். மாணவர் விசாவில் போகிறவர்கள் அமெரிக்க மண்ணில் விளம்பர வேலை செய்து சம்பாதிப்பதில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எந்த ஒப்பந்தத்துக்கும் தலையாட்டாதீர்கள். விசா போனால் படிப்பும் ஆட்டமும் சேர்ந்து போகும்.

கடைசியாக: யாருக்கு எது?

படிப்பில் தகுதி இருந்து, நிறைய நிமிடங்கள் தரும் கல்லூரியும் கிடைத்தால், இன்றைய நிலையில் கல்லூரியே நல்லது. பணமும் அங்கே இருக்கிறது, திரும்பும் வழியும் இருக்கிறது. படிப்புத் தகுதி கைகூடாதவர், உடலாலும் மனத்தாலும் பெரியவர்களோடு மோதத் தயாரானவர், குடும்பச் செலவுக்கு உடனே மாதச் சம்பளம் தேவைப்படுபவர் ஆகியோருக்கு ஜி லீக் நேர்மையான வழி. அதில் எந்தக் குறைவும் இல்லை. எந்த வழியில் போனாலும் முடிவைப் பிள்ளையோடு சேர்ந்து எடுங்கள். தாள்களை அவனே படிக்கட்டும், கேள்விகளை அவனே கேட்கட்டும். அடுத்த ஒப்பந்தம் வரும்போது நீங்கள் பக்கத்தில் இல்லாமல் போகலாம். அப்போது அவனைக் காப்பாற்றப்போவது இன்று பழகிய அந்தக் கேள்விகள்தான்.