மனையில மறைஞ்ச கிணத்தைக் கண்டுபிடிக்கிறது எப்படி?

சிவில் படிக்கிறோம்னு தெரிஞ்சா போதும், சொந்தக்காரங்ககிட்ட இருந்து இந்தக் கேள்வி வந்துடும். "தம்பி, நாங்க வாங்கின மனையில முன்னாடி ஒரு கிணறு இருந்துச்சாம், மூடிட்டாங்களாம். எங்கன்னு தெரியலை. வீடு கட்டலாமா?"

"மண் பரிசோதனை பண்ணிடுங்க"ன்னு சொல்லித் தப்பிச்சிடாதீங்க. கொஞ்சம் கணக்குப் போடுங்க. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். 1.5 மீட்டர் விட்டமுள்ள உறைகிணத்தோட பரப்பு 1.77 சதுர மீட்டர்தான். மனையில 0.8 சதவீதம். குத்துமதிப்பா மூணு இடத்துல துளை போட்டாலும் கிணறு மாட்டுற வாய்ப்பு நூத்துக்கு மூணைத் தொடாது. "மண் நல்லா இருக்கு"ன்னு அறிக்கை வரும். அந்த மூணு இடத்துல நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு தூண் மட்டும் குப்பையும் இடிச்ச செங்கல்லும் கொட்டி மூடின குழி மேல உட்கார்ந்தா, அது மட்டும் தனியா இறங்கும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணோமே டிஃபரன்ஷியல் செட்டில்மென்ட், அது இதுதான்.

அதனால கருவியைத் தொடுறதுக்கு முன்னாடி பத்திரத்தை எடுங்க. கடைசியில வர்ற சொத்து விவரத்தை நிதானமா படிங்க. கிணத்துல பாதி பாத்தியம்னு ஒரு வரி இருந்தா, அது பக்கத்து மனையோட சேர்ந்த பொதுக்கிணறு. பெரும்பாலும் எல்லையை ஒட்டித்தான் இருந்திருக்கும். பாதி வேலை அங்கேயே முடிஞ்சுது. புதுப் பத்திரத்துல அந்த வரி விட்டுப்போயிருக்கலாம், தாய்ப்பத்திரம் வரைக்கும் போங்க.

அடுத்து, பக்கத்து வீட்டுப் பாட்டி. "கிணறு எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டா கையை வீசி "அந்தப் பக்கம்"பாங்க. "துணி எங்க பாட்டி துவைப்பாங்க? கொல்லைக் கதவைத் திறந்தா எத்தனை எட்டு?"ன்னு கேளுங்க. துவைக்கிற கல், குளியலறை, தண்ணி ஓடின வாய்க்கால், அதை நம்பி நின்ன தென்னை எல்லாம் கிணத்தைச் சுத்தித்தான் இருந்திருக்கும். ஈசானிய மூலையையும் தவறாம பாருங்க. வாஸ்துல உங்களுக்கு நம்பிக்கை இல்லாம இருக்கலாம். கிணறு தோண்டினவருக்கு இருந்திருக்கும்!

நல்ல மழை பெஞ்ச மறுநாள் போய் நில்லுங்க. கொட்டின மண் வருஷக்கணக்கா அமுங்கிக்கிட்டே இருக்கும். வட்டமா ஒரு பள்ளத்துல மட்டும் தண்ணி நின்னா அங்க சந்தேகப்படலாம்.

இப்போ கம்பி. சதுரக் கட்டத்தோட மூலைவிட்டம் கிணத்து விட்டத்தைவிடக் குறைவா இருந்தா, கிணறு எங்க இருந்தாலும் ஒரு புள்ளியாவது அதுக்குள்ள விழும். 1.5 மீட்டரை ரூட் 2-ஆல வகுத்தா 1.06. ஆக 1 மீட்டர் கட்டம் போதும். முழு மனைக்கும் 220 புள்ளி கிட்ட வரும். பத்திரமும் பாட்டியும் சேர்ந்து கால்வாசி இடமா சுருக்கிட்டா 55 புள்ளிதான். 12 மி.மீ. கம்பியை ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மீட்டர் அடிச்சுப் பாருங்க. கெட்டியான மண்ணுல திணறின கம்பி திடீர்னு வழுக்கிக்கிட்டு இறங்கினா அது கொட்டின மண். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள்ல ஒரே ஆழத்துல "டங்"னு நின்னா மேல ஸ்லாப் போட்டிருக்காங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி கரண்ட் கேபிளும் குழாயும் எந்த வழியா போகுதுன்னு கேட்டுக்கங்க.

ஜி.பி.ஆர். வாடகைக்கு எடுக்கலாமேன்னு தோணும். ஈரக் களிமண்ணுல அதோட அலை ரொம்ப ஆழம் போகாது. காந்தமானி இரும்பு கேசிங் போட்ட ஆழ்துளைக் கிணத்துக்குக் கைகொடுக்கும். செங்கல் சுவருக்கும் சிமென்ட் உறைக்கும் அதை நம்ப முடியாது.

ஸ்லாப் தட்டுப்பட்டா அது மேல நிக்காதீங்க. உள்ள வெற்றிடமா இருக்கலாம், கம்பி துருப்பிடிச்சிருக்கும். திறந்த பிறகும் எட்டிப் பார்க்கவோ யாரையாவது இறக்கிவிடவோ கூடாது. மூடிக் கிடந்த கிணத்துல ஆக்ஸிஜன் இல்லாம போயிருக்கும், விஷவாயு தேங்கியிருக்கலாம். மெழுகுவத்தி கொளுத்திப் பார்க்கிற பழைய வித்தையும் வேண்டாம், மீத்தேன் இருந்தா பத்திக்கும். சுத்தி வேலி கட்டிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. தூணைத் தள்ளி வைக்கிறதா, கிணத்துக்கு மேல பீம் போட்டுத் தாண்டுறதா, தோண்டி எடுத்து அடுக்கடுக்கா கெட்டிச்சு நிரப்புறதான்னு அவர் முடிவு பண்ணட்டும். கட்டடத்துக்கு வெளிய விழுந்தா, தூர்வாரி மொட்டைமாடி மழைத்தண்ணியை வடிகட்டி அதுக்குள்ள விட முடியுமான்னும் அவர்கிட்டயே கேளுங்க.