பழைய லொறியில் பிரேக் லைட் எரியாவிட்டால்

இந்த முறை லொறி விஷயம் ஒன்றை எழுதுகிறோம். இது டிரைவர்மாருக்கு மட்டுந்தானே என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கொழுந்து லொறியிலும் மரக்கறி லொறியிலும் நம்ம பிள்ளைகள்தான் டிரைவராகவும் கிளீனராகவும் இருக்கிறார்கள். கடன்பட்டு பழைய லொறி வாங்கி ஓடுகிற குடும்பங்களும் உண்டு. மழையும் மூடுபனியுமாக இருக்கும் நேரம் ரம்பொடை வளைவிலோ கினிகத்தேனை இறக்கத்திலோ, முன்னால் போகிற லொறி நிற்கப் போகிறது என்று பின்னால் வருகிற பஸ்காரருக்குச் சொல்வது அந்த இரண்டு சிவப்பு லைட்டுதான்.

பீலிக்குத் தண்ணி வராவிட்டால் எங்கே அடைத்திருக்கிறது என்று குழாய் வழியே பார்த்துக்கொண்டு போவோம் இல்லையா? இதுவும் அப்படித்தான். பெட்டரியில் இருந்து கரண்ட் பியூசுக்கு வருகிறது. அங்கிருந்து பிரேக் சுவிட்ச், பிறகு செசியை ஒட்டிப் போகும் வயர், கடைசியில் பல்ப். ஒரே வித்தியாசம், கரண்ட் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். அது லொறியின் இரும்பு வழியாகத் திரும்புகிறது. இதைத்தான் எர்த் என்கிறோம்.

வேலை தொடங்குமுன் லொறியைச் சமமான இடத்தில் நிறுத்தி, டயருக்குக் கட்டை போடுங்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பார்க்கட்டும். பார்க்கிறவர் நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்பது நல்லது. சில லொறிகளில் சாவியைத் திருப்பினால்தான் இந்த லைட் எரியும், அதையும் மறக்க வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையா? அப்போ பியூசையும் சுவிட்சையும் தொடவே தேவையில்லை. அவை கெட்டால் இரண்டு பக்கமும் போய்விடும். பல்பைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பல்பில் இரண்டு இழை இருக்கும். சின்ன இழை பார்க் லைட்டுக்கு, பெரிய இழை பிரேக்குக்கு. பார்க் லைட் எரிகிறதே, பல்ப் நல்லதுதான் என்று சொல்வது சரியில்லை. பெரிய இழை மட்டும் அறுந்திருக்கலாம். புதுசு வாங்கும்போது பழைய பல்பைக் கையில் கொண்டுபோய், அதில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பல லொறிகள் 24 வோல்ட், சின்ன லொறிகள் சில 12 வோல்ட். 24 வோல்ட் லொறியில் 12 வோல்ட் பல்பைப் போட்டால் போட்ட உடனே எரிந்து போகும். இரட்டை இழை பல்பில் இரண்டு பின்னும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு பக்கமாகத்தான் உட்காரும். பலவந்தமாகத் திருகி மாறி உட்கார வைத்தால் பார்க் லைட் இடத்தில் பிரேக் லைட் எரியும்.

பல்ப் நல்லது, ஆனாலும் மங்கலாக எரிகிறது என்றால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நம்ம மழையில் இதுதான் பெரிய தொல்லை. பிரேக் மிதிக்கும்போது சிக்னல் லைட்டும் சேர்ந்து லேசாக மினுங்குகிறதா, பார்க் லைட் போட்டிருக்கும்போது பிரேக் லைட் ஒழுங்காக எரியவில்லையா, இரண்டும் எர்த் கோளாறுக்கு அடையாளம். ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு முனையை பல்ப் ஹோல்டரின் இரும்பிலும் மறுமுனையை துரு சுரண்டிய செசியிலும் பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் கோளாறு கிடைத்துவிட்டது. எர்த் வயர் பூட்டியிருக்கும் ஆணியைக் கழற்றி, அரத்தாளால் தேய்த்து, கிறீஸ் பூசி இறுக்கினால் போதும்.

இரண்டு பக்கமும் எரியாவிட்டால் டெஸ்ட் லாம்ப் ஒன்று வேண்டும். லொறி வோல்ட்டுக்குச் சரியான ஒரு பல்பில் இரண்டு வயர் பிடித்தால் அதுவே டெஸ்ட் லாம்ப். முதலில் பெட்டரியில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு வயரை செசியில் பிடித்துக்கொண்டு, மற்ற வயரை பியூசின் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாவிட்டால் பியூஸ் போய்விட்டது.

பியூஸ் நல்லது என்றால் சுவிட்சுக்குப் போகலாம். பல லொறிகளில் அது பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும். ஒரு வயரில் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும், மற்றதில் மிதித்தால்தான் வர வேண்டும். இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். லைட் எரிந்தால் சுவிட்ச்தான் கோளாறு. உடனே காசு செலவழிக்காமல், சுவிட்சின் நட்டைத் தளர்த்தி பெடலுக்கு ஏற்ற மாதிரி நகர்த்திப் பாருங்கள். அதிலேயே சரிவருவதும் உண்டு. சில லொறிகளில் இந்த சுவிட்ச் பிரேக் ஒயில் லைனில் பூட்டியிருக்கும். அதைக் கழற்றினால் லைனில் காற்று ஏறி பிரேக்கே பிடிக்காமல் போகலாம். அந்த வேலையை கராஜ் பாஸிடம் விட்டுவிடுங்கள்.

புது பியூஸ் போட்டும் பிரேக் மிதித்த உடனே எரிகிறதா? சுவிட்சுக்குப் பின்னால் எங்கேயோ வயர் உரசி இரும்பில் படுகிறது. செசி ஓட்டைகளில் ரப்பர் வளையம் விழுந்த இடம், சைலன்சர் பக்கம், தட்டுப் பலகையின் அடி, லைட்டுக்குள் போகும் இடம், இவற்றைத் தடவிப் பாருங்கள். 24 வோல்ட்டில் 21 வாட் பல்ப் இரண்டும் சேர்ந்து 2 அம்பியர்கூட இழுக்காது. அதனால் பியூஸ் சின்னது என்று பெரிதாகப் போடுவதில் அர்த்தமில்லை. சிகரெட் ஈயத்தாளைச் சுற்றிப் போடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிப் போட்டால் பியூஸ் எரியாது, வயர்தான் எரியும். பிறகு லொறியும்.

மிதிக்காமலே லைட் எரிந்துகொண்டிருந்தால் பெடலில் சுவிட்ச் முட்டும் சின்ன ரப்பர் உடைந்து விழுந்திருக்கும். இரவெல்லாம் எரிந்து காலையில் பெட்டரி செத்துவிடும். பிறகு ஆள் கூட்டித் தள்ள வேண்டியதுதான்.

தனியாக இருக்கிற டிரைவர் இரவில் லொறியை ஒரு சுவர்ப் பக்கம் பின்னால் எடுத்து மிதித்தால், சிவப்பு வெளிச்சம் சுவரில் இரண்டு இடத்தில் விழுகிறதா என்று கண்ணாடியிலேயே தெரியும். பகலில் அது சரிவராது. லொறி மடுவத்துக்கு வந்து நிற்கும்போது, கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் அக்காமாருக்குத்தான் பின்பக்கம் நேராகத் தெரிகிறது. ஒரு பக்கம் எரியாவிட்டால் டிரைவர் தம்பிக்கு ஒரு சத்தம் கொடுங்கள். சீட்டில் இருக்கிற அவருக்கு அது தெரியாது.